வளர்த்தியும் வித்தையும்: கல்லூரிக் கூடைப்பந்து உயரமான பெண்களைத் தேடிய வரலாறு

கூடைப்பந்து வளையம் தரையிலிருந்து 10 அடி உயரத்தில் இருக்கிறது. ஆணுக்கும் பெண்ணுக்கும் அதே உயரம்தான். ஆனாலும் பெண்கள் ஆட்டத்தில் வளர்த்தி மட்டுமே போதுமாக இருந்த காலம் ஒன்று உண்டு. 1892இல் அமெரிக்காவின் ஸ்மித் கல்லூரியில் இந்த ஆட்டத்தைப் பெண்களுக்குக் கற்பித்த செண்டா பெரன்சன், மைதானத்தை மூன்று கூறாக்கினார். ஒருத்தி தன் கூறைத் தாண்டக் கூடாது. பின்னர் வந்த அறுவர் ஆட்டத்திலும் நெடுங்காலம் தாக்குபவர் வேறு, தடுப்பவர் வேறு. நெட்டைப் பெண் வளையத்தடியில் நின்று பந்தை வாங்கிப் போட்டால் வேலை முடிந்தது. 1971இல் ஐவர் முழு மைதானமும் ஓடியாடும் விதி அங்கே வந்தது. உயரமும் ஓட்டமும் பந்தாளும் வித்தையும் ஒரே ஆளிடம் இருந்தாக வேண்டும் என்ற நெருக்கடி அதன் பிறகே கல்லூரிகளுக்கு வந்தது.

அந்த நெருக்கடியின் முதல் பெரிய விடை ஒரு பருத்திச் சீமையிலிருந்து வந்தது. மிசிசிப்பி மாநிலத்தின் மின்டர் சிட்டி என்ற சிற்றூரில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் லூசியா ஹாரிஸ். உயரம் 6 அடி 3 அங்குலம். அதே வட்டாரத்திலிருந்த டெல்டா ஸ்டேட் கல்லூரி, நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கைவிட்டிருந்த பெண்கள் அணியை 1973இல் மீண்டும் கூட்டியபோது அவரைத் தேடி அழைத்தது. பெண்களுக்கு விளையாட்டு உதவித்தொகை அங்கே அப்போது இல்லை. படிப்பு உதவியும் வளாக வேலையும் சேர்ந்துதான் அவரைப் படிக்க வைத்தன. 1975, 1976, 1977 என மூன்று ஆண்டும் தேசியப் பட்டம் அந்தச் சிறு கல்லூரிக்கே. 1976 ஒலிம்பிக்கில் பெண்கள் கூடைப்பந்து முதன்முதலாகச் சேர்க்கப்பட்டபோது முதல் கூடையைப் போட்டவரும் அவர்தான். உதவித்தொகை பரவிய பிறகு தேடல் தூர தேசங்களுக்கும் போனது. என் கணிப்பில், ஆளைக் கண்டெடுக்கும் கலை அதனால் வளரவில்லை; செலவுதான் வளர்ந்தது.

நம் நாட்டில் கதை வேறு. இங்கே கல்லூரி தேடுவதில்லை, அறுவடை செய்கிறது. விதைப்பது விடுதியும் பயிற்சியாளரும். பிலாய் உருக்காலையின் ஆதரவில் ராஜேஷ் படேல் நடத்திய பயிற்சி இதற்குத் தெளிவான சான்று. கான்பூரைச் சேர்ந்த 6 அடி 11 அங்குல பூனம் சதுர்வேதி ஆட்டம் பழகியது அங்கேதான். கேரளத்தில் கோட்டயத்துப் பெண்ணான கீத்து அன்னா ஜோஸ், 6 அடி 2 அங்குலம், முதலில் ஆடியது வாலிபால். கூடைப்பந்துக்கு மாறி, சங்ஙனாசேரி அசம்ப்ஷன் கல்லூரி வழியாக இந்திய அணிக்கு வந்தார். ஆஸ்திரேலியாவின் ரிங்வுட் ஹாக்ஸ் அணிக்கும் ஆடினார். 2011இல் அமெரிக்கத் தொழில்முறை லீக்கின் மூன்று அணிகள் அவரைத் தேர்வுக்கு அழைத்துப் பார்த்தன, இடம் கிடைக்கவில்லை. சோறு போட்டது தெற்கு ரயில்வே. 2017இல் பெங்களூரில் ஆசியக் கோப்பையின் இரண்டாம் பிரிவை வென்ற இந்திய அணியில் ஆடிய சென்னையின் அனிதா பால்துரைக்கும் அதே ரயில்வேதான்.

தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் 1992இல் அமைந்தது. அதன் விடுதிகள் 7ஆம் வகுப்பிலிருந்தே பிள்ளைகளைச் சேர்க்கின்றன. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சீட் தரும் கல்லூரிகள், அங்கே பழகி வந்தவர்களைப் பிளஸ் டூ முடிந்ததும் கொத்திக்கொள்கின்றன.

தமிழ்நாட்டின் தெற்கே உள்ள கரிசல் சீமைக்கு இதில் என்ன பங்கு? புதூர், விளாத்திகுளம் பக்கத்துப் பள்ளியில் வகுப்பிலேயே வளர்த்தியான பிள்ளை கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். மிளகாய்க் காட்டிலும் மக்காச்சோளக் காட்டிலும் வேலை செய்யும் வீட்டுப் பிள்ளை. கோவில்பட்டிக்குப் போனால் அங்கே ஹாக்கி. அந்த ஆட்டத்துக்கு உயரம் கட்டாயமில்லை. அரியலூரின் கார்த்தி செல்வம் கோவில்பட்டி வந்து ஹாக்கி பழகி, உள்ளூர் மாரீஸ்வரன் சக்திவேலோடு 2022 ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்கு ஆடினார். வெளியூர்ப் பிள்ளையையும் இழுத்து வளர்க்கும் ஏற்பாடு இந்த மண்ணில் இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அது கூடைப்பந்துக்கு அமையவில்லை, அவ்வளவுதான். 12 வயதில் பந்து கைக்கு வராத பிள்ளையைக் கல்லூரி 17 வயதில் பார்க்கும்போது உயரம் மட்டும்தான் இருக்கும். 1971க்கு முந்தைய ஆட்டத்தில் அவளுக்கு ஓர் இடம் கிடைத்திருக்கும்.