கையெழுத்து இல்லாத காகிதம்

மாலை ஆறு மணிக்குக் கடற்கரைச் சாலையில் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். அதன் பிறகுதான் நானும் என் நண்பனும் நடக்கப் போவோம். வருடத்தில் மூன்று மாதம்தான் இந்த நடை. குளிருக்குப் பயந்து பிரான்சிலிருந்து டிசம்பரில் வருவான்; மார்ச் பிறந்தால் கிளம்பிவிடுவான். ஒரே தெரு, ஒரே பிரெஞ்சுப் பள்ளி, ஒரே பெஞ்சு. அவன் பிரெஞ்சுக் குடிமகன் ஆனதும் நான் இந்தியக் குடிமகன் ஆனதும் எங்களைக் கேட்டு நடந்ததல்ல.

நம் வயதுக்காரர்களுக்கு இது தெரியும். பேரப்பிள்ளைகளிடம் சொல்லிப் பாருங்கள், ஆகஸ்ட் 15 போதாதா, 16 எதற்கு என்பார்கள். 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் 178 மக்கள் பிரதிநிதிகள் வாக்களித்தார்கள். இந்தியாவோடு இணைய 170 பேர், வேண்டாமென்று 8 பேர். நவம்பர் 1 அன்று நிர்வாகம் கை மாறியது. சட்டப்படி மாறவில்லை. 1956 மே 28-இல் ஒப்பந்தம் கையெழுத்தாகியும், அல்ஜீரியா விவகாரம் ஓயும்வரை பிரெஞ்சு நாடாளுமன்றம் அதை ஏற்கவில்லை. 1962 ஆகஸ்ட் 16-இல்தான் அமலுக்கு வந்தது. எட்டு வருடம் நாங்கள் இரண்டுங்கெட்டான்.

அன்று தொடங்கியது ஆறு மாதக் கெடு. இங்கே பிறந்து இங்கேயே குடியிருப்பவர் சும்மா இருந்தால் இந்தியர். பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமானால் எழுதிக் கொடுக்க வேண்டும். பதினெட்டு வயதுக்குட்பட்ட, மணமாகாத பிள்ளைகளுக்குத் தகப்பன் எழுதியதுதான் எழுத்து.

நண்பனின் அப்பா சொல்தா. சைகோனில் பட்டாளத்தில் இருந்தவர். எழுதிக் கொடுத்தார். என் அப்பா சர்க்கார் குமாஸ்தா. அவர் எழுதிக் கொடுக்கவில்லை. நாட்டுப்பற்று என்று வெகுகாலம் நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவர் காலமான பிறகு டிரங்குப் பெட்டியைக் காலி செய்தபோது ஒரு காகிதம் கிடைத்தது. அழகான பிரெஞ்சுக் கையெழுத்தில் முழு விண்ணப்பம். அவர் பெயர், அம்மா பெயர், என் பெயர், பிறந்த தேதி. கீழே கையெழுத்து மட்டும் இல்லை. முப்பத்தைந்து வருடம் ஃபைல் பார்த்தவன் நான். கையெழுத்தில்லாத காகிதம் எதற்கும் உதவாது என்று எனக்குத் தெரியும். ஆனால் மனது மாறி நிறுத்தினாரா, நாளைக்குப் போடலாம் என்று விட்டு கெடு தாண்டிப் போயிற்றா என்பதை எந்த ஃபைலில் தேடுவது? சம்பளம் போதாத மாதங்களில் அந்தக் காகிதத்தை நினைத்து அப்பாவைத் திட்டியிருக்கிறேன். நண்பன் ஒவ்வொரு டிசம்பரிலும் வாங்கிவரும் பாட்டிலை வாங்கும்போதும் ஒரு சின்ன முள்.

இவ்வளவு வருடம் அவனிடம் சொல்லவில்லை. இந்த ஜனவரியில், காந்தி சிலைக்கு எதிரே உட்கார்ந்திருந்தபோது சொன்னேன். எனக்காக வருத்தப்படுவான் என்று நினைத்தேன். வெகுநேரம் கடலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எங்கப்பா கையெழுத்துப் போட்ட அன்னிக்கு ராத்திரி சாப்பிடலைடா" என்றான். "அம்மா எவ்வளவு கூப்பிட்டும் திண்ணையை விட்டு எழுந்து வரலை. ஏன்னு நானும் கேக்கலை."

பிறகு சுண்டல் வாங்கினோம். காசு நான்தான் கொடுத்தேன்.