சிறு குழந்தைகளுக்குத் திரையில்லாத ஒலிக்கருவி: தேர்ந்தெடுக்கும் முறை

சுருக்கம்

2 வயது நிறையும் வரை குழந்தைகளுக்குத் திரை நேரம் வேண்டாம் என்றும், 2 முதல் 4 வயது வரை நாளொன்றுக்கு 1 மணி நேரத்துக்கு மிகக் கூடாது என்றும் உலக சுகாதார நிறுவனம் 2019-இல் பரிந்துரைத்தது. இதனால் பாடலும் கதையும் மட்டும் ஒலிக்கும் ஆடியோ பிளேயர்களைப் பெற்றோர் பலர் நாடுகின்றனர். இக்கருவிகள் பயனுள்ளவையே. ஆயினும் திரை இல்லை என்பதனாலேயே ஒரு கருவி பாதுகாப்பானது ஆகிவிடாது. அதன் பேட்டரி, உதிரிப் பாகங்கள், ஒலி அளவு ஆகிய மூன்றையும் சோதித்த பின்னரே வாங்க வேண்டும்.

பேட்டரி: முதலில் பார்க்க வேண்டியது

நாணயம் போன்ற பட்டன் பேட்டரியைக் குழந்தை விழுங்கி, அது உணவுக்குழாயில் சிக்கினால், ஈரமான திசுவின் வழியே மின்னோட்டம் பாய்ந்து கடுமையான காரத்தன்மை உண்டாகிறது. 2 மணி நேரத்துக்குள்ளேயே ஆழமான புண் ஏற்படக்கூடும். தீர்ந்துபோன பேட்டரியும் இத்தகைய தீங்கைச் செய்யும். ஆகவே,

• பட்டன் பேட்டரி இல்லாத, உள்ளேயே பொருத்தப்பட்ட ரீசார்ஜ் பேட்டரியில் இயங்கும் கருவியைத் தேர்ந்தெடுங்கள். ரிமோட் உடன் வந்தால் அதனுள் பட்டன் பேட்டரி உள்ளதா என்றும் பாருங்கள்.
• பேட்டரி மூடி திருகாணியால் இறுக்கப்பட்டிருக்க வேண்டும். விரலால் திறக்கக் கூடியதாக இருக்கக் கூடாது.
• சார்ஜ் ஏறும்போது கருவியைக் குழந்தையிடம் கொடுக்காதீர்கள்.

உதிரிப் பாகங்களும் காந்தமும்

சில கருவிகளில் சிறு பொம்மையையோ அட்டையையோ வைத்தால் கதை ஒலிக்கும். அவ்வகைப் பொம்மைகள் சிலவற்றில் காந்தம் இருக்கும். ஒன்றுக்கு மேற்பட்ட காந்தங்களை விழுங்கினால், அவை குடலின் வெவ்வேறு மடிப்புகளிலிருந்து ஒன்றையொன்று ஈர்த்துக் குடலில் துளை விழச் செய்யலாம். 3 வயதுக்கு உட்பட்ட குழந்தையிடம் மெமரி கார்டு, பென் டிரைவ் போன்ற சிறு பாகங்கள் கழன்று வரும் கருவியைத் தராதீர்கள். கழுத்தில் சுற்றிக்கொள்ளக்கூடிய நீண்ட கயிறோ ஒயரோ இருக்கக் கூடாது.

இந்தியாவில் விற்கப்படும் பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். பொம்மையாக விற்கப்படும் ஒலிக்கருவியில் இம்முத்திரையும், பொருந்தும் வயது வரம்பும் உள்ளனவா என்று பாருங்கள்.

ஒலி அளவு

குழந்தைகளுக்கு 75 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் என்பதே பாதுகாப்பான கேட்டலுக்கான பன்னாட்டு வரம்பு. ஒலி 3 டெசிபல் கூடும்தோறும் பாதுகாப்பான நேரம் பாதியாகக் குறையும். கருவிக்கும் காதுக்கும் உள்ள தூரம் பாதியானால் ஒலி ஏறத்தாழ 6 டெசிபல் கூடும். ஆகவே மேசைமீது மெல்ல ஒலிப்பதாகத் தோன்றும் கருவியும், குழந்தை அதைக் காதோடு சேர்த்துப் பிடிக்கும்போது மிகுந்த சத்தமுடையதாகிவிடும்.

• பெரியவர் வரம்பு வைத்துப் பூட்டக்கூடிய ஒலிக்கட்டுப்பாடு உள்ளதைத் தேர்ந்தெடுங்கள்.
• கடையிலேயே முழு ஒலியில் இயக்கி, ஒரு கை தூரத்தில் வைத்துப் பாருங்கள். குரலை உயர்த்தாமல் பேச முடியவில்லையெனில் அக்கருவி வேண்டாம்.
• சிறு குழந்தைகளுக்கு ஹெட்போன் தவிர்த்து, ஒலிபெருக்கி வழியே கேட்கச் செய்யுங்கள்.
• தொட்டிலுக்கும் தூளிக்கும் உள்ளே கருவியை வைக்காதீர்கள். குறைந்தது 2 மீட்டர் தள்ளி வையுங்கள். குழந்தை உறங்கியதும் நிறுத்திவிடுங்கள்.

பயன்படுத்தும் முறை

ஒலிக்கருவி பேசும், பதில் சொல்லாது. 2003-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், நேரில் பேசியவரிடமிருந்து 9 மாதக் குழந்தைகள் வேற்று மொழியின் ஒலிகளைக் கற்றுக்கொண்டன. அதே பேச்சைப் பதிவாகக் கேட்ட குழந்தைகள் கற்கவில்லை. எனவே கதையை உடனிருந்து கேளுங்கள். இடையே நிறுத்திக் கேள்வி கேளுங்கள். பாட்டைச் சேர்ந்து பாடுங்கள். நாள் முழுவதும் பின்னணியில் ஒலிக்க விடாதீர்கள். குறித்த நேரத்தில் தானே நிற்கும் வசதி இதற்கு உதவும்.

உடனடியாக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய நிலை

பேட்டரியையோ காந்தத்தையோ குழந்தை விழுங்கியிருக்கலாம் என்ற ஐயம் எழுந்தாலே போதும். அறிகுறிகளுக்காகக் காத்திராமல் 108-ஐ அழையுங்கள், அல்லது எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்கு விரையுங்கள். எச்சில் வடிதல், விழுங்கச் சிரமம், இருமல், உண்ண மறுத்தல் ஆகியவை தோன்றலாம். எதுவும் தோன்றாமலும் இருக்கலாம். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மருத்துவர் கூறாமல் உணவோ நீரோ கொடுக்காதீர்கள். மூக்கிலோ காதிலோ பேட்டரியை நுழைத்துக்கொண்டாலும் இதே அவசரம் தேவை.

செவித்திறன் பற்றிய ஐயம்

குழந்தை எப்போதும் ஒலியைக் கூட்டச் சொன்னாலோ, கருவியைக் காதருகே வைத்தே கேட்டாலோ, பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாவிட்டாலோ, பேச்சு தாமதமானாலோ காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். செவிக்குறையை முன்கூட்டியே கண்டறிந்தால் பேச்சு வளர்ச்சியைக் காக்க இயலும்.