அவசரகாலம் என்றொரு போர்

மலாயாவில் 1948 முதல் 1960 வரை நடந்ததைப் பிரித்தானியர் போர் என்று எழுதவில்லை, ‘அவசரகாலம்’ என்றனர். போர் என்றால் ரப்பர்த் தோட்டங்களுக்கும் ஈயச் சுரங்கங்களுக்கும் காப்பீட்டுத் தொகை கிட்டாது என்பதே அதற்குச் சொல்லப்படும் காரணம். காட்டிலிருந்தோர் முதலில் ‘கொள்ளையர்’. 1952-இல் ‘கம்யூனிஸ்ட் பயங்கரவாதிகள்’.

அரசுத் தரப்பில் மடிந்தோர் 1,800-க்கு மேல். பெரும்பாலோர் உள்ளூர்க் காவலர். கிளர்ச்சியாளர் ஏறத்தாழ 6,700. இவ்விகிதத்தையே வெற்றிக்குச் சான்றாக்கும் எழுத்துகள் நமக்கு நிறைவளிப்பதில்லை. எண்ணியது ஒரு தரப்பே அன்றோ? 1948 டிசம்பரில் பத்தாங் காலியில் சுட்டுக் கொல்லப்பட்ட ஆயுதமற்ற 24 பேர், தப்பியோட முயன்ற கொள்ளையர் என்றே முதலில் அறிவிக்கப்பட்டனர்.

துப்பாக்கி வைத்திருந்த குற்றத்துக்காக 1949 மே மாதம் தூக்கிலிடப்பட்டார் தமிழரான தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதி. மோதலில் மாண்டோர் நிரலில் அவருக்கு இடமில்லை.