பனியில் ஒரு செவ்வாயில்

எடோ என்னும் பழம்பெயர் 1868-இல் டோக்கியோ என மாறிற்று. பெயரோடு நகரின் முகமும் மாறத் தொடங்கியது. செங்கற் கட்டடங்களும் தந்திக் கம்பங்களும் மலிந்த அந்நகரின் பழைய கோயில்களை மரக்கட்டை அச்சுப் படங்களில் வடித்தோருள் கவாசே ஹசுயி தலையாயவர். அவர் 1883-இல் ஷிபா பகுதியில் பிறந்தவர். அப்பகுதியின் பெரும் பௌத்தப் பள்ளி ஸோஜோஜி. தோகுகவா ஆட்சியாளரின் குலக்கோயில். 1622-இல் எழுந்த அதன் செந்நிற வாயிலின் பெயர், வேட்கை, வெகுளி, மயக்கம் என்னும் மூன்றினின்றும் விடுபடுதலைக் குறிப்பது. மணிமேகலை பயின்றார்க்கு இம்மூன்றும் புதியன அல்ல.

1923 செப்டம்பர் முதல் நாள் நிகழ்ந்த நிலநடுக்கத்தையடுத்து மூண்ட தீயில் ஹசுயியின் வரைவேடுகளும், பதிப்பாளர் வதனாபே ஷோசாபுரோவின் அச்சுக்கட்டைகளும் எரிந்தன. இரண்டாண்டு கழித்து, 1925-இல், ‘ஷிபாவின் ஸோஜோஜி’ வெளிவந்தது. கொட்டும் பனியில் குடையைத் தாழ்த்தி நடக்கிறாள் ஒருத்தி. அவளுக்குப் பின்னே அச்செவ்வாயில். எரிந்த நகரின் சுவடு ஒன்றேனும் அதில் இல்லை.

இவ்வச்சுமுறையில் ஓவியர் வரைந்ததைச் செதுக்குநர் செர்ரி மரப்பலகையில் வெட்டுவார். அச்சிடுவோர் வண்ணத்துக்கொரு கட்டையாக மாற்றி மாற்றி ஈரத்தாளில் ஒற்றியெடுப்பார். பனிக்கோ பெரும்பாலும் வண்ணமே இல்லை. தரையிலும் கிளையிலும் கிடக்கும் வெண்மை, மை படாமல் விடப்பட்ட தாளின் வெண்மையே. அவ்வெறுமையைக் காத்தது செதுக்குநரின் உளி. சொல்லாது விடுதலின் அருமையறிந்த கவிஞர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

ஹசுயியைப் பழமையில் ஒளிந்துகொண்டவர் என்பாரும் உளர். 1925-ஆம் ஆண்டுப் படத்தை மட்டும் கண்டால் அக்கூற்றை மறுத்தல் அரிது. ஆயின் கதை அங்கு முடியவில்லை. 1945-இல் வான்குண்டுத் தாக்குதலில் பள்ளியின் தலைமைக் கூடம் எரிந்தது, வாயில் எஞ்சியது. மரபு அச்சுக்கலையைப் பதிவுசெய்ய விழைந்த ஜப்பானிய அரசின் பண்பாட்டுச் செல்வக் காப்புக் குழு, ஹசுயியிடம் ஒரு படம் வேண்டிற்று. எதை வேண்டுமாயினும் அவர் வரைந்திருக்கலாம். எழுபது அகவையை எட்டிய அவர் மீண்டும் அதே வாயிலுக்கே, அதே பனிக்கே சென்றார். 1953-இல் வெளியான ‘ஸோஜோஜியின் பனி’யில் வாயிலின் முன்னே டிராம் நிறுத்தம் ஒன்று, வண்டிக்குக் காத்து நிற்கும் மக்கள். முன்னைய படம் அழகிற் சிறந்ததாகலாம். உண்மையிற் சிறந்தது இதுவே. பழைய வாயிலும் அன்றாடப் பயணமும் ஒரே பனியில் நனைகின்றன.

1957-இல் ஹசுயி மறைந்தார். 1972-க்குள் டோக்கியோவின் டிராம் தடங்களுள் பெரும்பாலானவை நீக்கப்பட்டன. வாயில் ஷிபாவிலேயே உள்ளது. காத்திருந்தோரின் நிறுத்தமோ அச்சுத்தாளில் மட்டும்.