காணாக் கோணத்தின் காட்சி: இப்னுல் ஹைதம் முதல் ஒளிப்புலம் வரை

ஸ்ரீவில்லிபுத்தூரின் பதினோரு நிலைக் கோபுரத்தை, இராஜபாளையம் செல்லும் சாலையோரம் சில அடி இடைவெளி விட்டு நின்று பலர் படம் எடுத்தனர் எனக் கொள்வோம். அவர்களுள் எவரும் நில்லாத ஓர் இடத்திலிருந்து அக்கோபுரம் எவ்வாறு தோன்றும் என்பதை, அப்படங்களைக் கொண்டே கணினி காட்டிவிடும். இக்கலை 1990களில் வளர்ந்தது. ஆயினும் அது ஊன்றி நிற்கும் ஒளியியல் உண்மைகள் ஆயிரம் ஆண்டுப் பழமையுடையன.

ஹிஜ்ரி 354இல் (கி.பி. 965) பஸராவில் பிறந்து கெய்ரோவில் மறைந்த அபூ அலீ அல்ஹஸன் இப்னுல் ஹைதம், 'கிதாபுல் மனாழிர்' எனும் தம் ஏழு பாக நூலில் இரு உண்மைகளை நிறுவினார். ஒளிபெற்ற பொருளின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் எல்லாத் திசைகளிலும் ஒளி நேர்கோட்டில் பரவுகிறது என்பது ஒன்று. குறுக்கிடும் ஒளிகள் ஒன்றோடொன்று கலப்பதில்லை என்பது மற்றொன்று. சிறு துவாரமுடைய இருட்டறைக்கு வெளியே பல விளக்குகளை வைத்தால், உட்சுவரில் அத்தனை ஒளிப்பொட்டுகள் தனித்தனியே விழும். ஒரு விளக்கை மறைத்தால் அதற்குரிய பொட்டு மட்டுமே மறையும். இதுவே அவர் காட்டிய சான்று. அந்நூலின் இலத்தீன் ஆக்கம் 1572இல் பாசல் நகரில் அச்சேறியது.

கதிர்கள் கலப்பதில்லை எனில், ஒவ்வொன்றையும் தனித்துப் பதிவு செய்யலாம் அன்றோ? வெளியெங்கும் நிறைந்துள்ள இக்கதிர்களின் தொகுதியை 1936இல் சோவியத் அறிஞர் ஆந்திரே கெர்ஷுன் 'ஒளிப்புலம்' என அழைத்தார். 1996இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மார்க் லெவாய், பாட் ஹன்ரஹன் ஆகியோர் ஏராளமான படங்களை ஒளிப்புலமாக அடுக்கினர். புதிய இடத்தில் ஒரு கண்ணை வைத்தால், அதனை அடையவேண்டிய கதிர்களைப் பழைய படங்களிலிருந்தே தேடி எடுக்கலாம். பொருளின் வடிவத்தை முன்கூட்டி அறியவேண்டுவதில்லை. 2020இல் வெளியான 'நெர்ஃப்' எனும் முறையோ, சில பத்துப் படங்களைக் கொண்டே ஒரு நரம்பணி வலையமைப்பைப் பயிற்றி, இடைக் காட்சிகளை வியக்கத்தக்க தெளிவோடு தந்தது. இவர்களெல்லாம் இப்னுல் ஹைதமின் நேர் மாணாக்கர் எனக் கூறுவது மிகை. அவர் நிறுவிய உண்மைகளின் மீதே நிற்கின்றனர் என்பது மிகையன்று.

இங்கு ஒரு வினா எழுகிறது. பதிவான கதிர்களுக்கு இடைப்பட்ட வெற்றிடத்தைக் கணினி எதைக்கொண்டு நிரப்புகிறது? ஊகத்தைக் கொண்டே நிரப்புகிறது. கோபுர மாடம் ஒன்றின் உட்புறம் எந்தப் படத்திலும் விழவில்லையெனில், அங்கே கணினி வரைவது கண்டதன்று, கருதியது.

இவ்வேறுபாட்டையும் இப்னுல் ஹைதம் உணர்த்தியிருக்கிறார். வெறும் புலனால் அறியப்படுபவை ஒளியும் நிறமுமே. தொலைவு, வடிவம், அளவு முதலியன பகுத்தறிதலாலும் 'கியாஸ்' எனும் ஒப்பாய்வாலும் பெறப்படுவன என்றார். ஃபிக்ஹு கற்றோர் நன்கறிந்த சொல் இது. அவ்வாய்வு நொடியில் நிகழ்வதால் நாம் அதனை உணர்வதில்லை என்றும் கூறி, பார்வையின் பிழைகளுக்கென்றே மூன்றாம் பாகத்தை ஒதுக்கினார்.

பழைய பள்ளிவாசல்களையும் கோவில்களையும் கணினியில் பதிந்து காக்கும் பணி இன்று பெருகி வருகிறது. மூலம் சிதைந்தபின் அப்பதிவே சான்றாகும். எது கேமரா கண்டது, எது கணினி கருதியது என்பதைப் பதிவிலேயே பிரித்துக் குறித்தல் வேண்டும். இல்லையேல் நாளைய வரலாற்றாசிரியர் ஊகத்தைச் சாட்சியமென எழுதிவிடுவார்.