விலங்குகளின் திருவிழா

பிரெஞ்சு இசையமைப்பாளர் கமீல் சான்-சான்ஸ் (1835–1921) 1886இல் ஆஸ்திரியாவில் தங்கியிருந்தபோது இயற்றிய, 14 பகுதிகள் கொண்ட நகைச்சுவை இசைத்தொகுப்பு. இரண்டு பியானோக்கள், தந்திக் கருவிகள், புல்லாங்குழல், கிளாரினெட் முதலியவற்றுக்காக எழுதப்பட்டது.

விலங்குகளின் இயல்பைக் காட்டுவதில் தந்திக் கருவிகளுக்குப் பெரும்பங்கு உண்டு. 'ஆமைகள்' பகுதியில் அவை இசையமைப்பாளர் ஆஃபன்பாக்கின் துள்ளல் நடன மெட்டை மிக மெதுவாக வாசிக்கின்றன. 'யானை' டபுள் பேஸின் கனத்த ஒலியில் அசைந்து வருகிறது. கழுதையின் கத்தலை இரு வயலின்கள் எழுப்புகின்றன. 'அன்னம்' செல்லோவின் நீண்ட இழைப்பில் மிதக்கிறது.

இந்த வேடிக்கைப் படைப்பு தம் மதிப்பைக் குறைத்துவிடும் என்று கருதிய சான்-சான்ஸ், 'அன்னம்' தவிர மற்றவற்றைத் தம் வாழ்நாளில் அச்சிட இசையவில்லை. முழுத்தொகுப்பு 1922இல் வெளிவந்தது. இசைக்கருவிகளைக் குழந்தைகளுக்கு அறிமுகப்படுத்த இன்றும் பயன்படுகிறது.