ஜாக்கிக்கு அடியில் ஒரு கட்டை

இன்னைக்கு ஒரு மரக்கட்டையைப் பத்திப் பேசப் போறோம்.

ஹைவேயில லாரி டயர் பஞ்சர் ஆனா, டிரைவர் ஜாக்கியை எடுத்து நேரா மண்ணுல வைக்க மாட்டார். கிளீனரைக் கூப்பிட்டு, "அடியில ஒரு கட்டையைப் போடுடா"ன்னு சொல்வார். ஏன்னு கேட்டா, "மண்ணுல இறங்கிடும் சார்" என்பார். அவ்வளவுதான், ஒரே வரி. ஆனா அந்த ஒரு வரியை நம்பி ஒரு நகரத்தையே தரையிலிருந்து தூக்கியிருக்காங்க. உள்ளே கடைகள் திறந்திருக்க, ஜனங்க சாமான் வாங்கிக்கிட்டு இருக்கும்போதே.

இந்தப் பேச்சு எப்படி வந்துச்சுன்னா, அமெரிக்காவுல இருக்கிற ஒரு நேயர் எழுதியிருந்தார். நண்பர்களோட சேர்ந்து ஆர்.வி. வாடகைக்கு எடுத்துட்டு ஊர் சுத்தப் போறாராம். ஆர்.வி.ன்னா தெரியாதவங்களுக்கு: படுக்கை, அடுப்பு, ஃபிரிட்ஜ், கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கிற வண்டி. சக்கரம் வச்ச வீடு. நிறுத்துற இடம் மேடு பள்ளமா இருந்தா, வண்டிக்கு அடியில இருக்கிற ஜாக்கிகளை இறக்கி மட்டம் பண்ணணும். அந்த ஜாக்கிக் காலுக்கு அடியில வைக்கிற பேடு எது வாங்கலாம், பிளாஸ்டிக்கா, ரப்பரா, மரமா? இதுதான் கேள்வி. நான் ஷாப்பிங் ஆலோசனை சொல்ற ஆள் இல்ல. ஆனா இந்தக் கேள்விக்கு சிகாகோவுல ஒரு பழைய பதில் இருக்கு. முதல்ல அங்க போயிட்டு வருவோம்.

1850கள். சிகாகோ மிச்சிகன் ஏரிக்கரையில வேகமா வளர்ந்துட்டிருந்த ஊர். ஆனா ஊர் இருந்த தரை, ஏரித் தண்ணி மட்டத்தை விட ஒரு ஆள் உயரம்கூட மேல இல்லாத இடம். அடியில களிமண். மழை பெஞ்சா தண்ணி போக வழியில்லை. தெருவெல்லாம் சேறு. கழிவும் குடிதண்ணியும் கலந்துச்சு. 1849லிருந்து காலரா திரும்பத் திரும்ப வந்துச்சு. 1854ல் வந்த அலையில மட்டும் ஆயிரத்துக்கும் மேல செத்தாங்க. அதிகபட்சம் எழுபதாயிரம் பேர் இருந்திருக்கக்கூடிய ஊர் அது. தெருவுக்குத் தெரு சாவு விழுந்திருக்கும்.

அடுத்த வருஷம், 1855ல், ஒரு கழிவுநீர் வாரியம் அமைச்சாங்க. பாஸ்டனிலிருந்து எல்லிஸ் செஸ்ப்ரோன்னு ஒரு பொறியாளரைக் கூட்டிட்டு வந்தாங்க. அவர் முன்னாடி இருந்த சிக்கல் எளிமையானது, அதனாலேயே கொடூரமானது. சாக்கடைக்குழாய்க்கு சரிவு வேணும். சரிவு வேணும்னா ஆழமாத் தோண்டணும். தோண்டினா குழாய் ஆத்து மட்டத்துக்குக் கீழ போயிடும், தண்ணி வெளியேறாது. அதனால அவர் தலைகீழா யோசிச்சார். குழாயைத் தெருவுக்கு மேலேயே பதிக்கலாம், அதைச் சுத்தி மண்ணைக் கொட்டி, தெருவையே உயர்த்திடலாம்னு சொன்னார்.

சரி, தெரு உயர்ந்துடுச்சு. வீடு? கடை? ஹோட்டல்? எல்லாம் பள்ளத்துல. தரைத்தளத்து ஜன்னல் வழியா பார்த்தா ரோட்டுல போறவங்க கால்தான் தெரியும். எனவே கட்டடங்களையும் தூக்கணும்.

முதல் செங்கல் கட்டடம் 1858 ஜனவரியில எழும்புச்சு. ராண்டால்ஃப் தெருவும் டியர்பார்ன் தெருவும் சேர்ற மூலையில நாலு மாடிக் கட்டடம், எடை சுமார் 750 டன். இருநூறு திருகு ஜாக்கி வச்சு ஆறடிக்கும் மேல உயர்த்தினாங்க. சுவர்ல விரிசல் விழலை. அந்த நம்பிக்கையில ஊரே தொடங்கிடுச்சு.

உச்சம்னா அது 1860. லேக் தெருவுல கிளார்க் தெருவுக்கும் லாசால் தெருவுக்கும் நடுவுல, 320 அடி நீளத்துக்கு ஒட்டி ஒட்டி நின்ன கடை வரிசை முழுசையும் ஒரே மூச்சுல தூக்கினாங்க. மொத்த எடை 35,000 டன்னுன்னு கணக்குப் போட்டாங்க. 6,000 ஜாக்கி. 600 ஆள். அஞ்சு நாள்ல 4 அடி 8 அங்குலம். கடைகள் மூடவே இல்லை. கூட்டம் கூட்டமா ஜனங்க வேடிக்கை பார்க்க வந்தாங்க. சிலர் தூக்கின கட்டடத்துக்கு அடியிலேயே போய் நடந்து பார்த்தாங்க. என்ன தைரியமோ!

கணக்கைப் பாருங்க. ஒரு ஆளுக்குப் பத்து ஜாக்கி. சிக்னல் கொடுத்ததும் எல்லாரும் ஒரே நேரத்துல தன்னோட ஜாக்கிகளை ஒவ்வொண்ணா ஒரே அளவு, ஒரு சின்ன சுத்து, திருகணும். பிறகு நிறுத்தணும். அடுத்த சிக்னல். ஒருத்தர் உற்சாகத்துல கூடத் திருகிட்டா அந்த இடம் மட்டும் எழும்பும், செங்கல் சுவர் பிளந்துடும். 35,000 டன்னை 6,000ஆல் வகுத்தா, ஒரு ஜாக்கி மேல கிட்டத்தட்ட ஆறு டன். அது நிக்கிற மண்ணோ, நனைஞ்ச களிமண். சின்ன இரும்புக் காலை நேரா அதுல வச்சா, களிமண்ணுல ஆணி அடிச்ச மாதிரி உள்ளே போயிடும்.

அங்கதான் நம்ம கட்டை வருது. அஸ்திவாரத்தைச் சுத்தித் தோண்டி, கீழே தடிமனான மரங்களைப் பரப்பி, அதுக்கு மேல ஜாக்கியை நிறுத்தி, ஜாக்கிக்கும் சுவருக்கும் நடுவுல மறுபடியும் மரம் கொடுத்துத் தூக்கினாங்க. தூக்கின பிறகு கீழே புதுச்சுவர் கட்டினாங்க. படம் வரைஞ்சவங்க எல்லாரும் ஜாக்கியைத்தான் வரைஞ்சாங்க. எனக்கு என்னமோ அந்த மரத்துலதான் கண்ணு போகுது. இறங்குறது பெரிய ஆபத்து இல்லை. எல்லா இடமும் ஒரே அளவு இறங்கினா கட்டடத்துக்குத் தெரியவே தெரியாது. ஒரு மூலை ரெண்டு அங்குலமும் இன்னொரு மூலை கால் அங்குலமும் இறங்குறதுதான் கொல்லும். கட்டையோட வேலை சுமையைப் பரப்புறது மட்டும் இல்ல, எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி பரப்புறது.

இந்த வேலையில பேர் வாங்கினவர்களில் ஒருத்தர் ஜார்ஜ் புல்மேன். அவங்க அப்பா நியூயார்க் மாநிலத்துல ஈரி கால்வாய்க் கரையோரம் வீடுகளை நகர்த்துற தொழில் பண்ணினவர். கால்வாயை அகலப்படுத்தினப்ப, கரையில இருந்த கட்டடங்களைத் தள்ளி வைக்க வேண்டியிருந்துச்சு. மகன் அந்தத் தொழிலோட சிகாகோ வந்தார். லேக் தெரு வரிசையைத் தூக்கின கூட்டாளிகள்ல அவரும் உண்டு. 1861ல் ட்ரெமான்ட் ஹவுஸ்னு ஆறு மாடி ஹோட்டலைத் தூக்கினதுலயும் அவர் பங்கு இருக்கு. வாசப்படி தினமும் செங்குத்தாயிட்டே போறதைப் பார்த்து ஒரு விருந்தாளி குழம்பிப் போனாராம்னு ஒரு கதை சொல்வாங்க. கதைதான்.

அப்புறம் அதே புல்மேன் என்ன செஞ்சார் தெரியுமா? ரயில்ல படுத்துத் தூங்குற பெட்டி. 1867ல் புல்மேன் பேலஸ் கார் கம்பெனி. வீட்டைத் தூக்கினவர், வீட்டுக்குச் சக்கரம் மாட்டிட்டார். பணம் குவிஞ்சுது. 1894ல் கூலியைக் குறைச்சுட்டு, கம்பெனி வீடுகளோட வாடகையை மட்டும் குறைக்காம விட்டதுல பெரிய வேலைநிறுத்தம் வெடிச்சதும் அவர்கிட்டதான். லேக் தெருவுல திருகின அந்த 600 பேரோட பேர் மட்டும் கதையில எங்கேயும் வரதில்லை.

இன்னொரு விஷயமும் சொல்லணும். கட்டடத்தை உயர்த்தற செலவு பெரும்பாலும் கட்டடக்காரரோடது. அதனால வசதி இருந்தவங்க உயர்ந்தாங்க, இல்லாதவங்க காத்திருந்தாங்க. பல வருஷம் நடைபாதை படியேறி, படியிறங்கி, மறுபடி படியேறித்தான் போச்சு.

இதைக் கேட்கும்போது சென்னையில இருக்கிறவங்களுக்கு ஏதோ ஞாபகம் வரும். பழைய தாரைச் சுரண்டாம மேல மேல தார் போட்டு ரோடு உயர, வீடு பள்ளமாகி, மழைக்கு வாசல் வழியா தண்ணி உள்ளே வர்ற கதை நமக்குப் புதுசில்லை. இப்ப அந்த வீடுகளையும் ஜாக்கி வச்சுத்தான் தூக்குறாங்க. ஹரியானா பக்கத்துலேர்ந்து வர்ற குழுக்கள் இதுல கைதேர்ந்தவங்க. சுவரோட அடியை உடைச்சு, இரும்புச் சட்டம் கொடுத்து, வரிசையா ஜாக்கி நிறுத்தி, கொஞ்சம் கொஞ்சமா திருகுவாங்க. சிகாகோ முறையேதான். ஒரே வித்தியாசம், அங்க சாக்கடைக்காக ஊரே சேர்ந்து உயர்ந்துச்சு. இங்க ஒரு வீடு உயரும், அங்க தேங்கின தண்ணி பக்கத்து வீட்டுக்குப் போகும். பக்கத்து வீட்டுக்காரருக்குக் காசு இருந்தா அவரும் தூக்குவார்.

சிகாகோவுக்கே திரும்புவோம். 1871 பெருந்தீக்குப் பிறகு, உயரமான கட்டடங்கள் வந்துச்சு. களிமண் மட்டும் மாறலை. 1880களின் தொடக்கத்துல மான்டாக் பிளாக்னு பத்து மாடிக் கட்டடம் கட்டினப்ப, ஜான் ரூட் தண்டவாளங்களைக் குறுக்கும் நெடுக்குமா அடுக்கி, கான்கிரீட்ல புதைச்சு, அதைப் பாதமா வச்சார். லாரிக்காரர் போடுற கட்டையோட பெரியண்ணன்தான் அது. ஒரு அடுக்கு கிழக்கு மேற்கு, அடுத்தது வடக்கு தெற்கு. ஏன் குறுக்கே வைக்கணும்? ஒரே திசையில போட்டா சுமை அந்தத் திசையில மட்டும்தான் பரவும்.

அதுவும் எல்லா இடத்துலயும் காப்பாத்தலை. 1889ல் முடிஞ்ச ஆடிட்டோரியம் கட்டடத்துல ஒரு பக்கம் கனமான கோபுரம், மத்ததெல்லாம் அதை விட லேசு. கோபுரம் பிறகு இறங்கப் போகுதுன்னு தெரிஞ்சு, கட்டும்போதே அதுக்கடியில வார்ப்பிரும்புப் பாளங்களையும் செங்கல்லையும் ஏத்தி, முன்கூட்டியே அழுத்திப் பார்த்தாங்க. பிரமாதமான யோசனை. அப்படியும் இடத்துக்கு இடம் வேறுபட்டு, சில இடத்துல ரெண்டு அடிக்கும் மேல இறங்கிடுச்சு. இன்னைக்கும் அந்த முன்கூடத்துல தரை சரிஞ்சிருக்கிறது நடந்தாலே தெரியும்.

இப்போ ஆர்.வி.க்கு வருவோம். "கொஞ்சம் சாய்ஞ்சு நின்னா என்ன, தூங்கப் போறோம், அவ்வளவுதானே?"ன்னு கேட்கலாம். ஃபிரிட்ஜ்தான் காரணம். பல ஆர்.வி.கள்ல இருக்கிறது கம்ப்ரெசர் ஃபிரிட்ஜ் இல்லை. 1922ல் ஸ்வீடன்ல ரெண்டு மாணவர்கள், ஃபான் பிளாட்டன், முன்டர்ஸ், கண்டுபிடிச்ச முறை அது. மோட்டார் கிடையாது, சத்தம் கிடையாது. அம்மோனியா, தண்ணி, ஹைட்ரஜன், ஒரு சின்ன சூடு. உள்ளே திரவம் தன் எடையாலேயே வழிஞ்சு திரும்பி வரணும். வண்டி ரொம்ப சாய்ஞ்சு நின்னா திரவம் வழியில தேங்கிடும், சூடாகுற இடம் வறண்டு அளவுக்கு மீறிக் காயும். நாளடைவுல குழாய் அடைச்சு, ஃபிரிட்ஜ் செத்துடும். புது வண்டிகள்ல கம்ப்ரெசர் வருது, அதுக்கு இந்தப் பிடிவாதம் கிடையாது. எதுவா இருந்தாலும் கொத்தனார் வச்சிருக்கிற ரசமட்டம் ஒண்ணு வாங்கித் தரையில வச்சுப் பாருங்க.

பேடு எப்படித் தேர்ந்தெடுக்கணும்? ஒரு ஜாக்கி மேல ரெண்டு டன் வருதுன்னு வைங்க. அதோட கால் பதினைந்து சென்டிமீட்டர் சதுரம்னா, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒன்பது கிலோ. ஈர மண் அதைத் தாங்காது. நாற்பத்தைந்து சென்டிமீட்டர் சதுரப் பேடு வச்சா, அது ஒரு கிலோவா குறையும். ஆனா பேடு வளையக் கூடாது. மெல்லிசுப் பலகை நடுவுல குழிஞ்சு, ஓரம் மேல தூக்கிக்கும். அப்ப பரப்பளவு எவ்வளவு இருந்தும் வீண். சுமை கீழ இறங்க இறங்க, தோராயமா இறங்கின அளவுக்கே பக்கவாட்டுலயும் விரியும்னு வச்சுக்கங்க. அஞ்சு சென்டிமீட்டர் கனம்னா, பதினைந்து சென்டிமீட்டர் கால் இருபத்தைந்து ஆகும். இன்னும் விரியணும்னா இன்னொரு அடுக்கு, குறுக்கே. ரூட் செஞ்சது மாதிரி.

என் கட்சி மரம்தான். மலிவு, உடையறதுக்கு முன்னாடி முனகும், உங்களுக்குத் தெரியும். ஆனா கனம், நனைஞ்சா அழுகும். கெட்டியான பிளாஸ்டிக் அழுகாது, லேசு, அதுவும் நல்லதுதான். உள்ளே கூடு கூடா வெற்றிடமா இருக்கிற பிளாஸ்டிக் கட்டைகள் சமதரையில சரி, கூரான கல்லு மேல வச்சா விரிசல் விடும். ரப்பர் தரையைக் கவ்விப் பிடிக்கும், வழுக்காது. வெயில்ல இளகின தார்ல ஜாக்கிக் கால் பதிஞ்சுடும், அங்கேயும் பேடு வேணும். ஹாலோ பிளாக் மட்டும் வேண்டவே வேண்டாம். முனகாது, ஒரே நொடியில நொறுங்கும். அந்த நொடியில வண்டிக்கடியில யாராவது கையை விட்டிருந்தா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்லை. ஜாக்கியை நம்பி அடியில ஊர்ந்து போகவே போகாதீங்க.

முக்கியமா, பின்சக்கரம் தரையை விட்டு எழும்புற அளவுக்குத் தூக்காதீங்க. பார்க்கிங் பிரேக் பெரும்பாலான வண்டிகள்ல பின்சக்கரத்தைத்தான் பிடிக்குது. சக்கரம் அந்தரத்துல இருந்தா பிடிக்கிறதுக்கு ஒண்ணும் இல்லை, வண்டி ஜாக்கியிலிருந்து நழுவிடும். சரிவு அதிகமா இருந்தா ஜாக்கியாலேயே முழுசும் சரிபண்ணப் பார்க்காம, தாழ்ந்த பக்கத்துச் சக்கரத்தை முதல்ல கட்டை மேல ஏத்திடுங்க. சக்கரத்துக்கு முட்டுக்கட்டையும் கொடுங்க. தேர் இழுக்கிற ஊர்க்காரங்களுக்கு அதை நான் சொல்லித் தரணுமா என்ன! ராத்திரி மழை பெஞ்சா, காலையில காபி போடறதுக்கு முன்னாடி நாலு பேடையும் ஒரு சுத்து பாருங்க. எது எவ்வளவு இறங்கியிருக்குன்னு பாருங்க.